அக்கா வைத்த பாதித் தட்டை

என் நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில் அரைவட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. எனக்குத் தாடையில் அறுவை முடிந்த நானூற்றுப் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை மாலை, சித்தூர் வீட்டில் அக்கா தான் கடித்த தட்டையின் மீதியை அந்தப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

பதிவறைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாளும் கிழமையும் குறிக்காமல் படுத்ததில்லை. அந்தப் பழக்கத்துக்காக, ஊர்க் கணக்கு எழுதுபவரைச் சொல்வதுபோல், அக்கா எனக்கு வைத்த பெயர் கர்ணம். புத்தூரில் கணவரை இழந்து தனியாக இருந்தவள், எனக்குத் தாடையில் கட்டி என்று கேள்விப்பட்ட மறுநாளே ஒரு துணிப்பையோடு வந்துவிட்டாள். மணமாகாத எனக்கு வேறு யாரும் இல்லை.

அறுவை திருப்பதியில் நடந்தது. வலப்பக்கக் கீழ்த்தாடையைப் பற்களோடு எடுத்துவிட்டு, காலிலிருந்து ஓர் எலும்பை வெட்டி அங்கே பொருத்தினார்கள். எலும்பு ஊன்றியபின் அதில் திருகாணி இறக்கி, அதன்மேல் பல் வைப்பதாக ஏற்பாடு. மருத்துவர் படம் போட்டு விளக்கியதை அக்கா பொறுமையாகக் கேட்டாள். "புத்தூர்ல எலும்பு ஒடஞ்சா கட்டு கட்டுவாங்க. காலு எலும்ப எடுத்து வாயில வெக்கறத இங்கதான் பாக்கறேன்" என்றாள். ஐந்தாம் நாள், வார்டு சன்னலில் தெரிந்த மலையைக் காட்டி, "நீ கடிச்சுத் துன்ற வரைக்கும் நானும் எதையும் கடிக்க மாட்டேன்னு வேண்டிக்கினேன்" என்றாள். வாய்க்குள் தையல் இருந்ததால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பிறகு முடிந்தபோதும் மறுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அதன்பின் ஓராண்டுக்கு மேல் வீட்டில் கேழ்வரகுக் கூழ், குழைத்த சோறு, கடைந்த பருப்பு. எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் அதையே குடித்தோம். என் கீழுதடு மரத்துப்போயிருந்ததால் கூழ் வழிவது எனக்குத் தெரியாது. அக்கா தன் மோவாயைத் தொடுவாள். நான் என் மோவாயைத் துடைத்துக்கொள்வேன். நான் எழுதத் தொடங்கிவிட்டால், "கர்ணம் எழுதி முடிச்சாரா? கூழு ஆறிக்கினு கீது" என்பாள்.

வெள்ளிக்கிழமைதோறும் மருந்துக்கடை எடை எந்திரத்தில் ஏறுவேன். அக்கா என் செருப்பைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பாள். அவள் ஒருநாளும் ஏறியதில்லை. நானும் ஏறச் சொன்னதில்லை. ஆனால் அவள் ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தது எனக்குத் தெரியும். கேட்டதற்கு, "கூழு குடிச்சா குண்டாவா ஆவாங்க?" என்று சிரித்தாள். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

பல் வந்த பிறகும் சாப்பிட வந்துவிடவில்லை. வாழைப்பழத்தில் தொடங்கினேன். புதுப் பல்லுக்கு மெத்தென்றும் தெரியாது, கல்லென்றும் தெரியாது. உணவு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று நாக்கு தேடும்; தேடும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்வேன். இட்லிக்கு ஒரு வாரம், தோசையின் ஓரத்துக்கு இன்னும் ஒரு வாரம். ஆறாவது வாரம், மொறுமொறுப்பானதைத் தின்னலாம் என்று மருத்துவர் சொன்னார். மறுநாளே அக்கா தட்டை சுட்டாள்.

முதல் தட்டையைக் கடித்தபோது தலைக்குள் சத்தம் கேட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி கடி, கேக்கறேன்" என்றாள். பிறகு தனக்கும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். வெகுநேரம் மென்றாள். எழுந்துபோய்க் கொல்லையில் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, மீதியை என் நாட்குறிப்பின்மேல் வைத்தாள். "கூழே பழகிப்போச்சுடா. நீ துன்னு." அதையும் நானே தின்றேன். அன்றைய பதிவு இது: "தட்டை, இரண்டரை. வலப்பக்கம் கடித்தேன். அக்காவுக்குக் கூழே பழகிவிட்டதாம்."

ஏழு நாள் கழித்துக் கூழும் இறங்கவில்லை. காலைப் பேருந்தில் மீண்டும் திருப்பதிக்குப் போனோம். உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். எத்தனை மாதமாகத் தொண்டை அடைக்கிறது என்று மருத்துவர் தெலுங்கில் கேட்டார். கூழ் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, வேறெதையும் விழுங்கிப் பார்க்கவில்லை என்று அக்காவும் தெலுங்கிலேயே சொன்னாள். மருத்துவர் என்னைப் பார்த்தார்.

தட்டை சுட்ட அன்றே ஏன் சொல்லவில்லை என்று வார்டில் கேட்டேன். "ஒரு வருசம் கழிச்சு நீ கடிச்சுத் துன்ற. அந்த நேரத்துல என் தொண்டைய பத்தி சொல்லிக்கினு இருப்பனா?" என்றாள்.

நான்கு மாதம் இருந்தாள். முதலில் நான் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன். பின்னர் குழாய் வழியாகப் போயிற்று. கஞ்சி வழிந்தபோதெல்லாம் என் கை தானாக என் மோவாய்க்குத்தான் போயிற்று.

இப்போது எல்லாம் கடித்துத் தின்கிறேன். உதட்டின் மரப்பு மட்டும் போகவில்லை. சாப்பிடும் இடத்தில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன்.

அந்தக் கறை ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆறு பக்கங்களிலும் ஊறி, சிறுத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் என் சாப்பாடு இருக்கிறது: வறுத்த வேர்க்கடலை, சோளம், கரும்புத் துண்டு. எண்ணெய் பட்ட இடத்தில் பேனா ஓடாததால், கறையைச் சுற்றியே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த ஆறு நாளும் எதிரே உட்கார்ந்திருந்த அக்கா என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வரிகூட இல்லை.