அழகுமீனாவின் சத்தம்

விஸ்வநத்தத்தில் அழகுமீனாவுக்கு இன்னொரு பெயர் உண்டு: மைக் செட்டு மீனா. அவள் காதில் விழும்படியேதான் சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பட்டாசுக் கம்பெனியில் தள்ளித் தள்ளிக் கிடக்கும் அறைகளுக்கெல்லாம் சாப்பாட்டு நேரத்தைச் சொல்ல மணி எதற்கு, மீனா இருக்கிறாளே என்பார் போர்மேன். அப்பேர்ப்பட்ட தொண்டை.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். அடைமழை வேறு பிடித்துக்கொள்ளும். மறுபடி எப்போது திறப்பார்கள் என்று முதலாளிக்கே தெரியாது. ஐப்பசியிலிருந்து தை வரை பல வீடுகளில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அந்த மாதங்களுக்காகத்தான் ரிட்டையரான வாத்தியார் தேவாசீர்வாதம் மூடிக்கிடந்த ஒரு காலண்டர் அச்சகத்தைக் கேட்டு வாங்கி உணவு வங்கி தொடங்கினார். வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு பை. அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், புளி, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கூடுதலாக ஒரு பாக்கெட் பால்பவுடர். "வங்கின்னு போர்டு வச்சா நம்ம சனம் நகைய அடகு வைக்க வந்துரும் சார்" என்று சொல்லி, அதை 'அரிசி ஷெட்டு' ஆக்கியவள் அழகுமீனாதான்.

பெயர் கூப்பிடுகிற வேலையை வாத்தியார் அவளிடமே விட்டுவிட்டார். விட்டதில் விஷயம் இருக்கிறது. வருஷம் பூராவும் உழைத்துச் சாப்பிட்ட சனம், சும்மா கொடுப்பதை வாங்கக் கூசிக்கொண்டு தெருமுனையிலேயே நிற்கும். அழகுமீனா வாசலுக்கு வந்து ஒரு சத்தம் கொடுப்பாள். "ஏ மணிமுத்து பொண்டாட்டி, எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கது? அங்கன என்ன வேடிக்க? ஒம் பைய நானா தூக்கிட்டு அலையணும்?" வேலைக்குப் பிந்தி வந்தவளைப்போல அந்தப் பெண் ஓட்டமாய் ஓடி வந்து பையை வாங்கிக்கொள்வாள். அவள் ஏச்சில் கூச்சம் போன இடம் தெரியாது. ஆறு வருஷமாக இதுதான் நடந்தது.

இந்த வருஷம் வினோலியா வந்து சேர்ந்தாள். சாத்தூர்க்காரி, பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, பிரஷர் பார்க்கிற மிஷினை வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் "சாப்பிட்டீகளா? தூங்குதீகளா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவ்வளவுதான். சனம் பையை மறந்துவிட்டு மேசையைச் சுற்றிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அழகுமீனா கூப்பிடுவாள், "இந்தா வாரேன், சிஸ்டர் பாத்துக்கிட்டு இருக்காக" என்று பதில் வரும். சிஸ்டராம்! இரண்டே வாரத்தில் சிஸ்டர்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொன்மணி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொன்மணியும் அவளும் இருபது வருஷமாக ஒரே கம்பெனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் பொன்மணியின் வலதுகை வெந்துபோனது. உயிர் பிழைத்தாள், ஆனால் அந்தக் கையில் விரல்கள் மடங்காது. இடதுகையாலேயே லேபிள் ஒட்டப் பழகிக்கொண்டாள். தலை பின்னத்தான் ஒரு கை போதவில்லை. வீட்டில் இருப்பதோ இரண்டு ஆண்பிள்ளைகள். அன்றிலிருந்து விடிந்ததும் அழகுமீனா போய் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, சடை பின்னிவிடுவாள். ஊர்க்கதை அத்தனையும் அந்தக் கால்மணி நேரத்தில்தான். தன் புருஷன் சீக்கில் கிடந்தபோதுகூட அவள் ஒருநாள் தவறியதில்லை.

வினோலியா முதல் வியாழக்கிழமையே அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த கையைத் தானே வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். வெந்நீரில் எப்படி வைக்கவேண்டும், துணிப்பந்தை எப்படி அமுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வாரம் தவறாமல் பொன்மணி அந்த மேசைப் பக்கமே கிடந்தாள். கார்த்திகை பிறந்த முதல் வியாழன், சிரிப்பும் ஓட்டமுமாக உள்ளே வந்தாள்.

"ஏட்டி மீனா, பாரேன்! நானே போட்ட கொண்ட. வெரலு மடங்குதுட்டி. காலைல உனக்கு வேல மிச்சம்னுதான் வரவேண்டாம்னு சொல்லி அனுப்புனேன்."

கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்துதான் நின்றது. ஆனாலும் நின்றது. அழகுமீனா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் வயிறு எரிந்தது. ஒன்பது வருஷம் எண்ணெய் வைத்தவள் நான், ஒரு மாசம் விரலை நீவினவள் பெரிய ஆளா? இந்த விரல் மடங்காமலே இருந்தால் என்ன குறைந்தது? இப்படி ஒரு நினைப்பு வந்ததும் அவளுக்கே பகீரென்றது. ஆனால் வந்த நினைப்பு போகவில்லை.

"இருக்கு, இருக்கு. காத்தடிச்சா அவுந்துரும்" என்றாள். பொன்மணியின் முகம் சுண்டிப்போனது.

அதற்கப்புறம் அழகுமீனா செய்ததெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம். வினோலியா யாருக்காவது பிரஷர் பார்க்க மிஷினைக் கட்டினால் சரியாக அந்த ஆளின் பெயரைக் கூப்பிடுவாள். மேசைக்கு மேலேதான் கூரை ஒழுகும் என்று சொல்லி அதை மூலைக்கு மாற்றப்பார்த்தாள். வினோலியா எதற்கும் கோபப்படாமல், "ஒங்க தொண்டைக்குத் தேன் கொண்டாந்துருக்கேன்க்கா" என்று ஒரு பாட்டிலை நீட்டினாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சண்டைக்கு வராத ஆளோடு எப்படித்தான் சண்டை போடுவது?

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழன், மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஷெட்டுக்குள்ளே நாற்பது பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். பொன்மணி வாசல் ஓரத்தில், மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கட்டிவைத்த பைகள் தீர்ந்துவிட்டன. அழகுமீனா கடைசிச் சுவரோரம் நின்று புது மூட்டைக்குக் குரல் கொடுத்தாள். ஆண்கள் யாரும் இல்லை. வினோலியாதான் எழுந்துபோய், பக்கத்துச் சுவரில் சாய்த்திருந்த அரிசி மூட்டையின் காதைப் பிடித்து, சிமெண்டுத் தரையில் சரசரவென்று இழுத்தாள்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த யாரும் எதையும் தரையில் இழுக்கமாட்டார்கள். தூக்குவார்கள், வைப்பார்கள். வெடிமருந்து சிந்திய தரையில் ஒரு உரசல் போதும், தீப்பிடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பயம் உடம்பில் ஏறிவிடும். வீட்டில் சோற்றுப்பானையைக்கூட இழுக்கமாட்டார்கள். சாத்தூர் நர்ஸுக்கு அது எங்கே தெரியும்? அந்தச் சத்தத்தில் நாற்பது பெண்களின் முதுகும் விறைத்தது.

அழகுமீனா மூட்டையைப் பார்த்தாள். அரிசி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கு இந்த நர்ஸின் மானம் போகட்டும், ஒன்றும் தெரியாதவள் என்று சனம் காறித் துப்பட்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"இழுத்துட்டா! ஓடுங்க!"

மீனாவின் தொண்டை. கேட்கவா வேண்டும்? ஏன், எதற்கு என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. நாற்பது பேரும் செருப்பை விட்டு, பையை விட்டு, மழைக்குள் பாய்ந்தார்கள். வினோலியா மட்டும் மூட்டையைப் பிடித்தபடி, "என்னாச்சு? யாரும் விழுந்துட்டாகளா?" என்று திகைத்து நின்றாள்.

வாசலில் இருந்த பொன்மணி ஓரடி வைத்தால் வெளியே. அவள் வைக்கவில்லை. ஓடிவந்த கூட்டத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். கடைசிச் சுவரோரம் நின்றவளின் மணிக்கட்டை அந்த வெந்த கையாலேயே இறுக்கிப் பிடித்து, இழுத்துக்கொண்டு ஷெட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, கருவேலங்காட்டு ஓரத்தில் போய்த்தான் நின்றாள். விபத்து நடந்த அன்றைக்கு அழகுமீனா தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு தனியாக ஓடியவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொன்மணி ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

"ஒனக்கு ஒண்ணும் ஆகலயேட்டி?" மூச்சு வாங்கியது அவளுக்கு. கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கிடந்தது.

நர்ஸை விட்டுவிட்டு இவள் என்னிடம் ஓடிவந்தாளே என்று அழகுமீனாவின் நெஞ்சு குளிர்ந்தது. ஒரு நிமிஷம்தான். பொன்மணியின் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மடங்கியிருந்தன, இன்னும் விடவில்லை. மடங்காமலே இருக்கட்டும் என்று அவள் நினைத்த அதே விரல்கள்.

"அரிசி மூடதான் பொன்மணி" என்றாள். குரலே எழும்பவில்லை. "தெரிஞ்சேதான் கத்துனேன். அந்தம்மா அசிங்கப்படட்டும்னு."

பொன்மணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வினோலியா, கால் இடறி விழுந்த ஒருத்தியின் முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொன்மணி அதைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பிடியைத் தளர்த்தி, விரல் விரலாக எடுத்துக்கொண்டாள்.

"தை பொறந்தா எப்பிடியும் கம்பெனி தெறந்துருவாக. நீயும் நானும் ஒரே ரூம்புலதான் உக்காரணும்" என்றாள். "அங்கன நீ கத்துனா, நான் ஓடவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு மீனா."