வேதாகமத்துக்குள் ஏழு அப்பங்கள்

போன ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நம் சபையில் எழுந்து நின்று பெருமையாக ஒரு சாட்சி சொன்னேன். என் மகள் ஜெனிட்டா ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் நாற்பதும் ஒருவேளைதான் சாப்பிட்டாள், பதினேழு வயதில் இப்படியொரு பக்தி என்று. நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மடச்சி நான்.

ஈஸ்டர் முடிந்தும் அவள் உபவாசம் முடியவில்லை. போத்தனூரில் எங்கள் வீட்டு மாடியில் அவள் அறை. பகலில் அடுப்படியில் நிற்கும்போது மேலே டக், டக் என்று கேட்கும். நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக நடப்பாள். கூப்பிட்டால் சத்தம் நிற்கும். கொஞ்சம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். கண்ணாடியைத் துப்பட்டா போட்டு மூடியிருந்தாள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கையைத் தொட்டால் ஐஸாக இருக்கும். அந்தக் கை முழுக்கப் பூனைமுடி முளைத்திருந்தது.

ஒரு மத்தியானம் ரசஞ்சோற்றைப் பிசைந்து கொண்டுபோய்க் கெஞ்சினேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. அவ கேட்டுட்டு இருக்கா."

யாரது கண்ணு என்றேன்.

"நான் திங்கற ஒவ்வொரு வாயையும் எண்றவ."

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

இது பேய்தான் என்று முடிவு கட்டினேன். பேயை அடித்து விரட்டுகிற ஒரு வீடு சூலூரில் இருப்பதாக என் நாத்தனார் சொன்னாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்துபோட்டேன். அன்று காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது, அவள் கட்டிலோரம் முழங்காலில் விழுந்து அழுதேன். ஆண்டவரே, என் பிள்ளைக்குள் இருப்பது எதுவென்று எனக்குக் காட்டும். வேறொன்றும் கேட்கத் தெரியவில்லை.

எழுந்திருக்கக் கட்டிலைப் பிடித்தபோது, தலையணையோரம் இருந்த அவள் வேதாகமத்தில் கை பட்டது. அது சரியாக மூடாமல் புடைத்திருந்தது. திறந்தேன். தாள்களுக்கு நடுவே, சபையில் ஆயர் கையில் கொடுக்கும் மெல்லிய திருவிருந்து அப்பங்கள். மாதம் ஒன்றாக, ஏழு. லெந்துக்கு முன்பிருந்தே வாயில் போடாமல் ஒளித்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் அது எத்தனை கலோரி என்று எழுதியிருந்தாள்.

உபவாசம் இருக்கிற பிள்ளை ஆண்டவருடைய அப்பத்துக்குப் பயப்படுமா? அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. வேதாகமத்தோடு நம் ஆயர் வீட்டுக்கு ஓடினேன். பென்சில் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வேதாகமத்தை மூடினார்.

"இது பேயில்லீங்க அம்மா. பக்தியும் இல்லீங்க. புள்ளைக்குச் சீக்குங்க. இப்பவே டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க."

அனோரெக்சியா என்றார் மனநல மருத்துவர். பசி இல்லாமல் இல்லை, குண்டாகிவிடுவோமோ என்ற பயம் பசியைவிடப் பெரிதாகிவிட்டது, அது பிடிவாதம் இல்லை என்றார். எலும்பும் தோலுமான தன் உடம்பு அவள் கண்ணுக்குப் பருத்துத் தெரிகிறதாம். பட்டினி கிடக்கும் உடம்பு சூட்டைக் காக்கத்தான் அப்படி முடி வளர்க்கிறதாம். அதட்டுகிற அந்தக் குரலும் நோயின் பாஷைதானாம். நாடித்துடிப்பு மிகவும் இறங்கியிருந்தது. சூலூருக்குப் போயிருந்தால் பிள்ளையைப் பிணமாகத்தான் கொண்டுவந்திருப்பேன்.

உடனே வார்டில் சேர்த்தோம். பிறகு மாதக்கணக்கில் சிகிச்சை. இன்னும் முழுதாக முடியவில்லை. நானும் மாறினேன். யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், யார் இளைத்தார்கள் என்ற பேச்சே இப்போது எங்கள் வீட்டில் இல்லை.

உங்கள் பிள்ளை தட்டைக் கண்டு பயந்தால் பக்தி என்று மெச்சாதீர்கள், பேய் என்று அடிக்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள். ஜெபித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எனக்குக் காட்டினவர் உங்களுக்கும் காட்டுவார், நம்புங்கள்.

போன மாதம் ஒருநாள் இட்லியைப் பிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நீ வேணும்னா பட்டினி கெட. நான் சாப்படறேன்."

இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.