ஜங்ஷனை எண்ணிய மூன்று நாட்கள்

எங்கள் திருநெல்வேலியில் ஜங்ஷன் என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். ரயில் நிலையம், அதைச் சுற்றிய கடைகள், பஸ் நிற்கும் இடம் எல்லாம் சேர்ந்து ஜங்ஷன். அம்பத்தூரில் பெண்கள் விடுதிக்கு வந்த முதல் வாரம், ரயில் நிலையம் போவதற்காக ஆட்டோவில் ஏறி ஜங்ஷன் என்று சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னையே பார்த்தார். இங்கே ரயிலில் ஜங்ஷன் என்றால் அரக்கோணம்தான், ஆட்டோவில் அவ்வளவு தூரம் எதற்கு, வீட்டில் சண்டையா என்று கேட்டார். ஓடிப்போகும் பெண் என்று நினைத்துவிட்டார். அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் காட்டிய பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.

சிவில் டிப்ளமா முடித்திருந்தேன். சாலைகளை ஆய்வு செய்து அறிக்கை தரும் ஒரு சிறிய அலுவலகத்தில் முதல் வேலை. அங்கே ஜங்ஷனுக்கு வேறு அர்த்தம். இரண்டு சாலைகள் சந்தித்தாலே ஜங்ஷன். அதில் வந்து சேரும் ஒவ்வொரு சாலைக்கும் ‘கை’ என்று பெயர். மூன்று கை, நான்கு கை என்று படத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். எந்தக் கையிலிருந்து எத்தனை வண்டி வந்து எந்தக் கைக்குத் திரும்புகிறது என்று நாள் முழுக்க நின்று எண்ணி எழுத வேண்டும்.

என்னை முதலில் அனுப்பியது பருத்திப்பட்டு ஏரிக்குச் சற்றுத் தள்ளி, பூந்தமல்லி போகும் சாலையில் நான்கு சாலைகள் கூடும் ஓர் இடத்துக்கு. மூன்று நாள் வேலை. எதிர்ப்பக்கம் எங்கள் அலுவலகத்துப் பையன் ஒருவன் இரண்டு கைகளை எண்ணினான். இந்தப் பக்கத்து இரண்டு கைகளும் எனக்கு.

நான் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. நடத்தியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. சுற்றிலும் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர் மாமனார் வீட்டாரும் பங்காளிகளும் நெல் போட்ட நிலம் என்று பிறகு தெரிந்தது. முதல் நாள் காலை ஆறு மணிக்கே நான் வெயிலுக்குத் தொப்பியோடு வந்து நிற்பதைப் பார்த்து, உட்கார ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். டீ கொடுத்தார். ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற பெண், யாருக்கோ காத்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

பத்து மணிக்குள் அந்த நினைப்பு போய்விட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் நான் ஒரு கோடு கிழிப்பதைக் கவனித்துவிட்டார். மதியம் டீ ஆறிப்போய் வந்தது. மாலையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் என் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பியதும் போய்விட்டார்.

இரண்டாம் நாள் ஸ்டூல் இல்லை. கேட்டதற்கு, கால் உடைந்துவிட்டது என்றார். அது கடைக்குள் நான்கு காலோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தது அவருக்கும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து கேட்டார்.

“இன்னாமா எய்திகினு கீற?”

வண்டிகளை எண்ணுகிறேன் என்றேன்.

“வண்டிய எண்றதுக்கு எவன்னா சம்பளம் குடுப்பானா?”

கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது. அவர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார்.

பதினொரு மணிக்கு அவருடைய கொழுந்தனார் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். வண்டியை என் முன்னால் குறுக்கே நிறுத்தி, எழுதுகிற அட்டையைக் கொடு பார்க்கலாம் என்றார். கேட்ட விதம் கொடுக்காமல் இருக்க முடியாத விதம். ஒவ்வொரு தாளின் மேலும் ஆங்கிலத்தில் ‘ஜங்ஷன் இம்ப்ரூவ்மென்ட்’ என்று அச்சடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் காட்டினார்.

அந்த ஒரு சொல்லை ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். ஜங்ஷன் என்றால் தண்டவாளம் கூடும் இடம், அப்படியானால் இங்கே ரயில் வரப்போகிறது, பாதிப் பேர் வீடு போகும் என்றார் கொழுந்தனார். அடுக்குமாடியில் வயரிங் வேலை பார்த்த ஒருவர், அது கரண்டு பெட்டி, நான்கு பக்கத்து வயரையும் ஒன்றாக முடிகிற டப்பா, டிரான்ஸ்பார்மர் வைக்கத்தான் இடம் பார்க்கிறார்கள் என்றார். இவர்கள் எல்லோருக்கும் சாலைகள் கூடுகிற இந்த இடம் எப்போதும் கூட்ரோடுதான். ஜங்ஷன் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. புதுப்பெயர் வைக்கிறார்கள் என்றால் ஏதோ செய்யப் போகிறார்கள் என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

டீக்கடை அக்கா அந்தப் பேச்சில் சேரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்கும் ரெண்டு பேர் டேப்பு எட்துகினு வந்தாங்கோ. சும்மா அளவுதாம்மான்னாங்கோ. நான்தான் அவங்களுக்கு மோர் குட்தேன். ஆறே மாசம், கெணறோட போச்சு நெலம்.”

எதிர்ப்பக்கத்துப் பையன் சாப்பிடப் போயிருந்தான். அலுவலகத்தில் என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, இவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். எதையும் விளக்காதே, விளக்கினால்தான் பிரச்சினை, தாளை வாங்கிக்கொண்டு எண்ணு என்றார். கடைக்கு ஏதாவது ஆகுமா சார் என்று கேட்டேன். ஒரு நொடி பதில் இல்லை. பிறகு, அதெல்லாம் உனக்கு எதற்கு என்றார்.

அந்த ஒரு நொடியிலிருந்து எனக்கும் சந்தேகம் வந்தது.

திரும்பி வந்து, கடைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

“எய்திக் குடு.”

எதை என்று கேட்டேன்.

“நீ இன்னா பண்றன்னு உன் கையால எய்தி, பேர் போட்டுக் குடு.”

ஒரு வெள்ளைத் தாளில், நான் இங்கே வண்டிகளை எண்ணுவதற்காக அனுப்பப்பட்டிருக்கிறேன், எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தரப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“கடைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இதுல இல்லியே.”

“அது எனக்குத் தெரியாதுக்கா.”

கொழுந்தனார், பார்த்தீர்களா என்று குரலை உயர்த்தினார். அக்கா அவரைக் கையமர்த்தினார். அட்டையை அவரிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். தெரியாது என்று சொன்னவள் நான் ஒருத்திதான் என்பதால் கொடுத்தாரோ, சின்னப் பெண்ணிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டாரோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மூன்றாம் நாள் ஸ்டூல் வெளியே வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அடுத்த மாதம் மேலதிகாரியின் மேசையில் அந்த இடத்தின் வரைபடங்களைப் பார்த்தேன். மூன்று விதமாக வரைந்திருந்தார்கள். ஒன்றில் அந்தக் கடையின் மேல் சிவப்புக் கோடுகள் குறுக்கே ஓடின. எது நடக்கும் என்று கேட்டேன். நம் வேலை எண்ணிக் கொடுப்பது, முடிவு வேறு இடத்தில் என்றார். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் போகவில்லை. அதை இப்போதும் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று வருடம் கழித்து, திருமணமாகிப் பருத்திப்பட்டிலேயே ஓர் அடுக்குமாடியில் குடியேறினேன். என் கணவருக்கு ஐ.டி. வேலை. நான் அந்த அலுவலகத்தை விட்டு, ஒரு கட்டட நிறுவனத்துக்கு மாறியிருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த இடத்துக்கு நடந்து போனேன். கடை இடிக்கப்படவில்லை. ஆனால் சாலை நடுவே இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் தடுப்பு. வண்டிகள் நேராகக் குறுக்கே போக முடியாது. அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய் யூ டர்ன் எடுத்து வர வேண்டும். நான்கு சாலைகளும் அங்கேதான் இருந்தன. ஒன்றையொன்று சந்திக்கவில்லை. எதிர்ப்பக்கத்துப் பட்டறை ஆட்கள் டீக்கு இந்தப் பக்கம் வருவது நின்றுவிட்டது.

அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“மறுபடியும் எண்ண வந்துகீறியா?”

இங்கேயே குடிவந்துவிட்டேன் என்றேன். எந்த பிளாக், எந்த மாடி, வாடகையா சொந்தமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் நம்பினார். காலை வியாபாரம் போய்விட்டதாகவும், இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குத் தோசை மாவு அரைத்துக் கொடுப்பதாகவும் சொன்னார். சிவப்புக் கோடு போட்ட படத்தைப் பற்றி அன்று அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். அன்று முதல் மாவு அவரிடம்தான் வாங்குகிறேன்.

போன மாதம் மாவு வாங்கப் போனபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் முக்காலியில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கை வேலையை விட்டுவிட்டு, என்ன என்று போய்க் கேட்டு வரச் சொன்னார். யூ டர்ன் வரை நடந்து, சுற்றிக்கொண்டு போய்க் கேட்டேன். மழைநீர்க் கால்வாய்க்கு மட்டம் பார்ப்பதாக அந்த இளைஞர் சொன்னார். கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

“நீ நம்பறியா?” என்று கேட்டார்.

“இல்லக்கா,” என்றேன்.