வாக்கில்லாத தீவின் பிரதிநிதியோடு பேர்லினுக்கு

இந்தப் பக்கத்தில் வழக்கமாக மலை, ஏரி, தேர்த்திருவிழா என்றுதான் எழுதுவேன். இந்த முறை ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த கதை. ஸ்டுட்கார்ட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆரணி, பேர்லினில் நடந்த மாணவர் மன்றம் ஒன்றுக்குத் தெரிவானாள். ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, ஐக்கிய நாடுகள் சபையில் நடப்பதுபோல விவாதித்து, கடைசியில் தீர்மானம் நிறைவேற்றுவார்கள். இந்த வருடத்துப் பொருள் பசிபிக் தீவுகள். அவளுடைய பள்ளியிலிருந்து அவள் ஒருத்திதான் என்பதால் கூட்டிக்கொண்டு போகிற வேலை எனக்கு. மனைவிக்கு அந்த வாரஇறுதியில் முதியோர் இல்லத்தில் வேலை. நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்பினோம். உங்கள் பிள்ளைகளும் நாளைக்கு இப்படித் தெரிவாகலாம், அப்போது உதவட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளவும்தான். அதை மறைப்பானேன்?

யார் எந்த நாடு என்று ஒரு மாதத்துக்கு முன்பே சீட்டுக் குலுக்கிச் சொல்லிவிட்டார்கள். ஆரணிக்கு விழுந்தது அமெரிக்க சமோவா. நான் உடனே லண்டன், கனடா வரைக்கும் போன் போட்டு, பிள்ளை அமெரிக்காவின் ஆளாகப் பேசப்போகிறாள் என்று சொல்லி முடித்துவிட்டேன். அதன் பிறகுதான் அவள் என்னைப் பிடித்து இருத்தி விளக்கினாள். அமெரிக்க சமோவா தனி நாடு அல்ல. அமெரிக்காவின் ஆட்சிக்குக் கீழ் இருக்கும் தீவுகள். ஆகவே மன்றத்தில் அவளுக்கு நாற்காலி உண்டு, பேச நேரம் உண்டு, வாக்கு மட்டும் கிடையாது. போன் போட்ட அத்தனை பேருக்கும் திரும்ப எடுத்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து பேர்லினுக்கு நேரடி ஐ.சி.இ. அதிவேக ரயில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்து வாரத்துக்கு முன்பே போட்டதால் எனக்கு ஒரு வழி 49.99 யூரோ. பதினான்கு வயது வரை பிள்ளைகள் பெற்றோரோடு இலவசம். ஆரணிக்குப் பதினைந்து, ஆகவே அவளுக்கும் காசு. இருக்கை முன்பதிவு தனி, ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் அதைக் கட்டாயம் செய்யுங்கள். எங்கள் ரயில் நிலையத்தில் கட்டட வேலை நடப்பதால் வாசலிலிருந்து தண்டவாளம் வரைக்கும் நடையோ நடை. பெட்டியோடு போகிறவர்கள் இருபது நிமிடம் முன்னதாகவே வாருங்கள்.

மான்ஹைம் தாண்டியதும் ஆரணி தன் தாள்களை விரித்தாள். சமோவா இரண்டு. மொழி ஒன்று, உறவுமுறை ஒன்று, இடையில் நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் கடல். மேற்கில் இருப்பது ஒருகாலத்தில் ஜெர்மனியிடமும் பிறகு நியூசிலாந்திடமும் இருந்து, அறுபதுகளில் சுதந்திரம் பெற்றது. பிரதமர், நாடாளுமன்றம், உலக சபையில் வாக்கு எல்லாம் உண்டு. குடும்பத் தலைவர் பட்டம் பெற்றவர்தான் அங்கே தேர்தலில் நிற்க முடியும். கிழக்கில் இருப்பது அமெரிக்காவுக்குரியது. தங்கள் ஆளுநரைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள், ஆனால் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் தீவில் இருப்பவர்களுக்கு வாக்கில்லை. அங்கே பிறப்பவர்கள் அமெரிக்காவின் ஆட்கள், ஆனால் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல. சம்பளம் அங்கேதான் கூட. அதனால் சுதந்திர சமோவாவிலிருந்து கடல் தாண்டி மீன் ஆலைக்கு வேலைக்கு வருகிறார்கள்.

"அப்ப எது நல்லது, பிள்ளை?" என்று கேட்டேன்.

"அப்பா, எல்லாரும் உதைத்தான் கேக்கிறீங்கள்," என்றாள். இரண்டு தீவுக்கும் நடுவே தேதிக்கோடு போவதையும் சொன்னாள். மேற்கிலிருந்து ஞாயிறு மத்தியானம் விமானம் ஏறினால் கிழக்கில் சனிக்கிழமை போய் இறங்கலாம். நான் ஸ்டுட்கார்ட்டில் பஸ் ஓட்டுகிறவன். இந்த அட்டவணையை எழுதுகிறவனை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

எங்கள் ரயில் எர்ஃபுர்ட்டில் நின்று நாற்பது நிமிடம் பிந்தியது. பேர்லின் பிரதான நிலையத்திலிருந்து நொய்கெல்ன் போக எம்41 பஸ் இருக்கிறது, மாற வேண்டியதில்லை, முக்கால் மணி நேரம். 58 யூரோ ஜெர்மனி மாதச்சீட்டு இதில் செல்லும், ஐ.சி.இ.யில் செல்லாது. பஸ் நிறைந்து வழிந்தது. நானும் இதே தொழில்தான் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே, பின்னால் காலியாக இன்னும் இரண்டு வருகிறது, உனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்றார். சரியான பதில். இறங்கி அடுத்ததில் ஏறி வசதியாக உட்கார்ந்து போனோம்.

நொய்கெல்னில் என் மனைவியின் தமையன் சிவநேசன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். இரவு அவர் வீட்டில் புட்டும் நண்டுக் குழம்பும். சாப்பாட்டோடு சேர்த்துப் பேச்சும் தயாராக இருந்தது. அமெரிக்க சமோவாவுக்கு வாக்கில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனிதர் கொதித்துப்போய் இருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சனத்துக்கு உரிமை குறைவு என்று கேட்டால் போதும், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

"மேசையில ரெண்டு தட்டுத் தட்டு. எழும்பி நிண்டு, எங்களுக்கு விடுதலை வேணும் எண்டு சொல்லு. மண்டபம் அதிரோணும்," என்றார்.

"மாமா, அந்தச் சனத்திட்ட ஆராவது கேட்டவையே?"

"உதையும் கேக்கோணுமோ? ஆருக்கடி விடுதலை வேண்டாம்?"

"கேக்கோணும் மாமா," என்று சொல்லிவிட்டு அவள் நண்டுக்காலை உடைத்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

சனி காலை ஒன்பதுக்கு மன்றம். பேர்லின் மேற்கில் ஒரு பள்ளி மண்டபம். பார்வையாளருக்குப் பின்வரிசை, இலவசம். ஆனால் அடையாள அட்டை கேட்பார்கள், மறக்காதீர்கள். நாடுகள் அரைவட்டமாக, ஆளுக்கொரு பெயர்ப்பலகையோடு. வாக்கில்லாத தீவுகளுக்கு ஓரத்தில் தனி மேசை. அதில் ஆரணி. சுதந்திர சமோவாவின் பலகைக்குப் பின்னால் மியூனிக்கிலிருந்து வந்த அனன்யா என்ற பிள்ளை. என் பக்கத்தில் இருந்த பெண் அவளுடைய தாய், பெயர் வித்யா, ஊர் சென்னை.

"அவங்க உங்க டாட்டரா சார்? பாவம், ஓட்டு இல்லாத சீட்டு கிடைச்சிருக்கு. ஆக்சுவலி என் பொண்ணு அதைத்தான் ஆசைப்பட்டா, கஷ்டமான ரோல்னு," என்றார்.

எங்களோடு வந்து மறுபக்கத்தில் இருந்த மச்சான் என் காதுக்குள் குனிந்தார். "பாத்தியளே, இதிலையும் இந்தியாவுக்கு நாடு, எங்களுக்கு ஓரம்." நான் அவருடைய தொடையில் கிள்ளினேன்.

அன்றைய தீர்மானம், கடல் ஏறும் கரைகளுக்கு அணைகட்ட ஒரு பொது நிதி. வரைவில் அந்தக் காசு சுதந்திர நாடுகளுக்கு மட்டும் என்று இருந்தது. மற்றத் தீவுகளுக்குத்தான் பெரிய நாடுகள் இருக்கின்றனவே என்பது வாதம். அதைத் திருத்தித் தன் தீவையும் உள்ளே கொண்டுவருவதுதான் ஆரணியின் வேலை. திருத்தத்தை அவளால் முன்வைக்க முடியாது. வாக்குள்ள நாடு ஒன்று அவளுக்காக முன்வைக்க வேண்டும். காலை முழுக்க மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். ஒருவரும் அசையவில்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன் அவளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. அவள் வாய் திறக்கும் முன் அனன்யா கேள்வி கேட்கக் கை உயர்த்தினாள். சுத்தமான ஜெர்மன், குரலில் ஈவிரக்கம் இல்லை. நாங்கள் தனியாக நிற்பதற்கு விலை கொடுக்கிறோம், எங்கள் பிள்ளைகள் உங்கள் தீவுக்கு வந்து மீன் ஆலையில் நிற்கிறார்கள், நீங்கள் சம்பளத்துக்கும் கடவுச்சீட்டுக்குமாக அமெரிக்காவோடு இருக்கிறீர்கள், இப்போது எங்கள் பங்கிலும் கை வைப்பதா என்றாள். மண்டபத்தில் கைதட்டல்.

ஆரணி எழுந்தாள். மேசையில் தட்டவில்லை. அவள் ஜெர்மனில் பேசியதை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

"என் அப்பா இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம். பஸ் ஓட்டுகிறார், வரி கட்டுகிறார். அவருக்கு இங்கே வாக்கில்லை, ஏனென்றால் அவர் குடியுரிமை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஊரில் இருக்கும் நான்கு பரப்புக் காணியைச் சொல்வார். வேறு நாட்டவரானால் அந்தக் காணியில் ஏதும் சிக்கல் வருமோ என்ற பயம். அவரை யாரும் கோழை என்று சொல்வதில்லை, பேராசைக்காரர் என்றும் சொல்வதில்லை. எங்கள் அமெரிக்க சமோவாவில் நிலம் குடும்பத்துடையது, வெளியாருக்குப் போகாமல் சட்டம் காக்கிறது. முழுக் குடியுரிமை வந்தால் அந்தச் சட்டம் நிற்குமா என்று எங்களில் பலர் பயப்படுகிறோம். சிலர் விடுதலை கேட்கிறோம், சிலர் குடியுரிமை கேட்கிறோம், சிலர் இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிறோம். அதை நாங்கள் பேசி முடிப்போம். நீங்கள் எங்களுக்காக முடிக்க வேண்டாம். ஆனால் எங்கள் பேச்சு முடியும்வரை கடல் காத்திருக்காது. உங்கள் கரையை அரிக்கிற அதே கடல்தான் எங்கள் கரையையும் அரிக்கிறது."

அவ்வளவுதான். இருந்துவிட்டாள். என் முகம் சுட்டது. முன்வரிசையில் யாரோ திரும்பி அந்த அப்பா யார் என்று தேடினார்கள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் நான் நூறு தடவை சொன்ன விஷயம்தான். பிள்ளை காதில் வாங்காமல் போனைப் பார்க்கிறாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இடைவேளையில் பெற்றோர் பிள்ளைகளோடு கதைக்கக் கூடாது என்று விதி. ஆனால் தண்ணீர் எடுக்கப் போனபோது நடைபாதையில் இரண்டு சமோவாவும் தமிழில் கதைப்பது கேட்டது. மற்றவளும் தமிழ்ப்பிள்ளை என்று இரண்டு பேரும் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள்.

"நீ பேசினது செம. ஆனா உனக்குக் காசு வந்தா எனக்குக் குறையுமே, நான் என்ன பண்றது?" என்றாள் அனன்யா.

"குறையாது. தனிப்பங்கு எண்டு எழுதுவம். அமெரிக்காவும் அதுக்குச் சமமாப் போடோணும் எண்டு சேர்ப்பம். அப்ப பானை பெரிசாகும்," என்றாள் ஆரணி.

"ஏய், இது ஓகே. எழுது எழுது."

மூன்று மணிக்கு சமோவாவின் பிரதிநிதி எழுந்து, அமெரிக்க சமோவாவுக்காகத் திருத்தத்தை முன்வைத்தாள். வித்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் வாக்குக் கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. பதினொன்றுக்கு ஏழு. நிறைவேறியது! ஆதரித்தோ எதிர்த்தோ எல்லாரும் கை தூக்க, அந்தத் திருத்தத்துக்குச் சொந்தக்காரி மட்டும் ஓர மேசையில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பெருமையில் எனக்குக் கண் நிறைந்தது. அதே நேரம், அந்தக் கைகளைப் பார்க்கப் பொறுக்கவும் இல்லை.

வெளியே வந்ததும் மச்சான் அவளுடைய தலையில் கை வைத்தார். "விடுதலை கேக்கேல்லை. எனக்கு அது பிடிக்கேல்லை. ஆனா சரியாக் கதைச்சனீ." பிறகு கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு சமோவாவுக்கும் முறுக்குப் பொதி கட்டிக் கொடுத்தார். வித்யா எவ்வளவு கேட்டும் காசு வாங்கவில்லை.

ஞாயிறு காலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு ரயில் ஏறினோம். யு7 சுரங்க ரயில் கோயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பூசை முடிந்து வர இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த முறை ரயில் பிந்தவில்லை. ஃபிராங்பர்ட் வந்தபோது ஆரணி முறுக்கைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, தை மாதம் எனக்குப் பதினாறு. மார்ச்சில மாநிலத் தேர்தல். நான் ஜெர்மன் பிரசை, பதினாறிலயே எனக்கு வாக்கு இருக்கு."

"ஓம். ஆருக்குப் போடப் போறாய்?"

"அது சொல்லமாட்டன்."

நானும் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு கேட்டேன். "நான் குடியுரிமை எடுக்கிறதோ, விடுறதோ? நீ என்ன சொல்லுறாய்?"

"அதை நான் சொல்ல ஏலாது அப்பா. நீங்கள்தான் சொல்லோணும்."

எந்த ஆட்சி நல்லது என்ற என் கேள்விக்கு இந்தப் பயணத்தில் விடை கிடைக்கவில்லை. ஒரு சமோவாவிடம் கொடி இருக்கிறது, இன்னொன்றிடம் நல்ல சம்பளம் இருக்கிறது, இரண்டுமே தங்கள் நிலத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவர்கள் எதை விடுவது, எதை வைப்பது என்று பேர்லினில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு நாங்கள் முடிவெடுக்க முடியாது. என் மகளுக்கு அது பதினைந்து வயதில் விளங்கியிருக்கிறது.

இனிப் போகப்போகிறவர்களுக்கு. ரயில் சீட்டை ஐந்து வாரம் முன்பே போடுங்கள். எம்41இல் முதல் பஸ்ஸில் முண்டியடிக்காதீர்கள். பிள்ளைக்கு எந்தத் தீவு விழுந்தாலும் பேச்சு எழுதிக் கொடுக்காதீர்கள், உறவினரையும் எழுத விடாதீர்கள். என்னைப்போலக் காணியைச் சொல்லி இழுத்துக்கொண்டு இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனி இப்போது பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் இலங்கைப் பக்கத்தில் இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதை முதலில் விசாரியுங்கள். எங்கள் நகரத்தில் குடியுரிமை அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்க மாதக்கணக்காகும். மார்ச் தேர்தலுக்குள் குடியுரிமை எப்படியும் வந்து சேராது. அதற்கடுத்த தேர்தலுக்காவது வேண்டுமென்றால் இப்போதே டெர்மினுக்குப் போடுங்கள். நான் போட்டுவிட்டேன்.