பலகையில் டயர் அடித்த பாவாடை

பாவாடையைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கச்சிராயபாளையத்தில் எங்கள் கரும்பு லோடு கும்பலுக்கு அப்போது அவன்தான் மேஸ்திரி. தலையில் கரும்புக் கட்டோடு சாய்ந்த பலகையில் ஏறி, மேல் நுனியில் திரும்பி, லாரிக்குள் போடணும். அந்தத் திருப்பத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பான். நெசம்தான், அதுதான் எரிச்சல்.

எல்லாரும் வெறுங்காலில்தான் ஏறுவோம். நுனியில் குதிகாலை லேசாகத் தூக்கினால் முன்பாதத்தின் மேல் உடம்பு மொத்தமும் சுற்றிவிடும்.

மழையில் ஒருத்தன் வழுக்கி விழுந்தான். உடனே பாவாடை உளுந்தூர்பேட்டையிலிருந்து பழைய லாரி டயர் வாங்கி வந்து, பட்டை பட்டையாக அறுத்து, பலகை நெடுக ஆணி அடித்தான். காலுக்கு ரப்பர் பூட்ஸ் வேறு.

"நுனியில மட்டும் அடிக்காத. அங்க கால் திரும்பணும்" என்றேன்.

"நீ இன்னா, டாக்டரா?"

"டிராக்டர் ஓட்னவன். டிரெய்லர் மாட்ற பின்னு சுத்தாம இறுகிக்கினா இன்னா ஆவும்? வளைவுல கொக்கி முறியும். உன் பாதம்தான் அந்தப் பின்னு. அது ஒட்டிக்கினா முட்டி முறுக்கிக்கும்."

"உனுக்கு ஏற பயம். பொம்பளைங்களோட உக்காந்து கட்டு கட்டு, போ."

கீழே கட்டு கட்டிக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி அம்சவள்ளி. "நாங்க கட்டலன்னா நீ எதைத் தூக்குவ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் என்னை முறைத்தான்.

முதல் கட்டு மேஸ்திரிதான் தூக்குவது வழக்கம். ஏறினான். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, பூட்ஸ் மட்டும் டயரைக் கடித்துக்கொண்டு நின்றது. முட்டி நொடித்த சத்தம் கீழே எனக்குக் கேட்டது.

வீக்கம் வடிந்ததும் வந்தான். ஏற முடியாதவன் மேஸ்திரியாக இருக்க முடியாது. அதற்குள் நுனிப் பட்டையை நான் பிடுங்கிப் போட்டிருந்தேன். வெறுங்காலில், கட்டோடு நுனி வரைக்கும் போய்விட்டான். நேராகப் போக அந்த முட்டி போதும். திரும்பத்தான் முடியவில்லை. லாரி மேல் நின்ற நான் கையை நீட்டினேன்.

"கைய எட்றா" என்றான்.

"கட்டைக் குடு."

கொடுக்கவில்லை. கட்டை வெளியே தள்ளிவிட்டு, பலகையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே இறங்கினான்.

இப்போது மேஸ்திரி நான். அவன் அம்சவள்ளி பக்கத்தில் கட்டு கட்டுகிறான். நான் பட்டையைப் பிடுங்கியதால்தான் முட்டி போச்சு என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறான். முதல் கட்டை எனக்கு அவன்தான் எடுத்து வைக்கிறான். அது பாதிப் பலகையில் அவிழ்ந்து என் மேல் கொட்டுகிறது. மற்றவர்களுக்குக் கட்டுவதெல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.