பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்த தண்ணீர்

நாச்சியாபுரத்தை விட்டு இரண்டு மைல் நடந்த பிறகுதான் என் துண்டை மாமியார் வீட்டுக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை. வெயில் தலையில் இறங்கியது. மானகிரிப் பாதையில் ஒரு வண்டிகூட இல்லை. அன்று காலை என் மனைவி சொன்ன பொய் காதுக்குள்ளேயே கிடந்தது.

அறுபதுகளின் கடைசி அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், செங்கல் சூளை, திருச்சியில் ஓட்டல் என்று எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. தலைப்பிள்ளை பிறந்த சேதி வந்ததும் ஓட்டல் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன். இனி பெண்டாட்டி பிள்ளையோடு ஓரிடத்தில் இருந்துவிடலாம் என்று முதல் தடவையாக நினைத்துத்தான் வந்தேன்.

பிள்ளை நன்றாக இருந்தது. அவள்தான் நன்றாக இல்லை. பிரசவமாகி எட்டு நாளாகியும் வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லாக இருந்தது. பிரசவத்தில் கிழிந்த இடம் ஆறாததால் முக்கினால் உயிர் போனது. கொல்லையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, சேலையில் இரத்தக் கறையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவாள். அதற்குப் பயந்து சோற்றைக் குறைத்தாள். பால் குறைந்தது. பிள்ளை கத்தியது.

அங்கே பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். தாய் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், தாய்க்கு வயிறு தள்ளும் என்பார்கள். சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர் வேளைக்கு அரைத் தம்ளர், அவ்வளவுதான். மற்றபடி பூண்டு, சுட்ட கருவாடு, மருந்துருண்டை. மாமியார் கெட்டவர் அல்ல. அவரும் ஐந்து பிள்ளைகளை அப்படித்தான் பெற்றார்.

அவர் ஊருணிக்குப் போயிருந்த நேரம், மனைவி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"இங்குட்டு வாங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க. நாக்கு ஒட்டுது."

"உங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சா?"

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாச் சரி. நான் சொல்ல மாட்டேன், பிள்ளை மேல சத்தியம்."

ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். அன்றிலிருந்து, மாமியார் வெளியே போகும்போதெல்லாம் ஒரு செம்பு. மூன்றாம் நாள் விடிந்ததும் கொல்லையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

"போயிருச்சுங்க."

"பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி சிரிக்கிறே!"

"உங்களுக்கு வந்திருந்தாத் தெரியும்."

அதன் பிறகு தினமும் போனது. சாப்பிட்டாள். பால் சுரந்தது. பக்கத்திலேயே ஏதாவது வேலை தேடுவது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது அன்று காலையில்தான். மாமியார் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். செம்பு ஈரத்தோடு இருந்தது.

"ஏண்டி, இது எப்படி இங்க வந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"அவுகதான் குடி குடின்னு நின்னாக. வேணாம்னேன், கேக்கலை."

"என்ன காரியம் பண்ணிப்புட்டீக மாப்பிள்ளை! ஊரூரா எச்சித் தம்ளர் கழுவித் திரிஞ்சவுகளுக்குப் பெத்த உடம்பைப் பத்தி என்ன தெரியும்? என் பேரப்பிள்ளையைக் கொல்ல வந்தீகளா?"

"தண்ணி குடிச்ச பிறகுதான் அவளுக்கு வெளிக்குப் போகுது. கேட்டுப் பாருங்க" என்றேன்.

மாமியார் அவளிடம் திரும்பினார். "போகுதாடி?"

"மருந்துருண்டையிலதான் ஆத்தா போகுது" என்றாள் அவள்.

"முப்பது நாள் கழியிற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதீக" என்றார் மாமியார். நான் செருப்பை மாட்டும்போது அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

மிச்ச நாளையும் ஆத்தாவின் கையில்தான் அவள் கழிக்க வேண்டும், அதனால் அப்படிச் சொன்னாள் என்பது மானகிரி வருவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை. பயந்து பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். தண்ணீரால் குணமானதையே இல்லை என்று சொல்லிவிட்டாளே. இனி அவளுக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்று ஒரு தடவை தோன்றியது. மருந்துருண்டையைத் தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். நினைத்தது உண்மை; அதை மறைக்க முடியாது.

மறுநாள் காலை ஆத்தங்குடியில், தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை கேட்டேன். பட்டறைக்காரர் என் தோளையும் கையையும் பார்த்துவிட்டு, புதுக் கற்களை ஊறப்போட்டிருந்த தொட்டியைக் காட்டினார்.

"கிணத்துல இறைச்சு இதை நிரப்பணும். ஒரு பொழுது தண்ணி குறைஞ்சாலும் கல்லு வெடிச்சுப் போகும். புரியுதா?"

"புரியுது" என்று வாளியை எடுத்தேன்.