ஹாரன் இல்லாத ஜீப்னி

யாராவது வண்டிக்குக் குறுக்கே விழுந்தடித்துக்கொண்டு நுழைந்தால், எல்லோரும் மரியாதையாக ‘மாங்’ என்றழைக்கும் டிரைவர் இசிட்ரோ பிரேக்கை மிதித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஓர் இஞ்சி மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கடைசி நிறுத்தமான குபாவ் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து கரைந்துவிடும். "போறான் விடுங்க டீச்சர். அவனுக்கு என்ன அவசரமோ" என்பார், பக்கத்து இருக்கையில் இருக்கும் என்னிடம்.

வழியெல்லாம் ஆளேற்றிப் போகும் அவருடைய ஜீப்னியில் ஹாரன் கிடையாது. ஒயரை அவரே வெட்டிவிட்டார். முகப்பில் வெள்ளிக் குதிரைகளும் பக்கவாட்டில் மகள்களின் பெயர்களும் மின்னுகிற அந்த வண்டி, மணிலா நெரிசலில் ஊமையாக ஊர்ந்துபோகும். மழைக்காக உழவர்கள் வேண்டிக்கொள்ளும் புனிதரின் பெயர் அவருக்கு; நிறுத்தத்தில் மற்ற டிரைவர்களுக்கு அவர்தான் பொழுதுபோக்கு. "டேய், புனித இசிட்ரோ வர்றாரு! மழை வேணும்னா இப்பவே கேட்டுக்கோங்கடா!" வரிசையில் முந்திப் புகுந்து, அவருக்கு வரவேண்டிய பயணிகளை ஏற்றிக்கொள்வார்கள். அவர் மிட்டாய்த் தாளை நீவி மடித்துக்கொண்டிருப்பார்.

முன்பு அவர் பொல்லாத கோபக்காரர் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அப்போது இந்த வண்டியை ஓட்டியவர் அண்ணன் கசிமிரோ, சாது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து காசு வாங்குவார். ஒருநாள் சிக்னலில் பின்னால் நின்ற காரிலிருந்து ஓயாத ஹாரன்.

"இறங்கிப் போய்க் கேளு அண்ணே!" என்றார் தம்பி.

"விடுடா, பச்சை விழப்போகுது."

"நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

அண்ணன் இறங்கிப் போனார். கார்க்காரனிடம் துப்பாக்கி இருந்தது.

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறைதான். "அண்ணனுக்குக் கோபமே வரலைங்க. என் கோபத்தைத்தான் எடுத்துக்கிட்டுப் போனான்."

போன வாரம் நல்ல மழை. ஒரு மோட்டார்சைக்கிள்காரன் இடதுபக்கம் உரசிக்கொண்டு போனதில் எங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடி தெறித்து விழுந்தது. உடைத்தவனே வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்து முகப்பில் அறைந்தான். "கண்ணு அவிஞ்சு போச்சா கிழவா? இறங்குடா கீழ!"

பின்னாலிருந்து ஒரு கல்லூரி மாணவன் கத்தினான். "இறங்குங்க மாங்! நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல!"

மாங் இசிட்ரோவின் தாடை இறுகியது. ஸ்டியரிங்கைப் பிடித்த இடக்கை அசையவில்லை. "என் தப்புதான் தம்பி. நீ போ."

அவன் முன்கண்ணாடியில் துப்பிவிட்டுப் போனான். எச்சிலை மழை கழுவியது. "சூடு சொரணை இல்லாத மனுஷன்" என்றாள் பின்னால் ஒருத்தி, அவர் காதில் விழும்படியாகவே. அந்த மாணவன் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டான்.

மாங் இசிட்ரோ வலக்கையால் கியரை மாற்றினார், சில்லறை கொடுத்தார். குபாவில் எல்லோரும் இறங்கினார்கள். எஞ்சினை அணைத்தார். இடக்கை மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை, கணுக்கள் வெளுத்துப்போயிருந்தன.

"கொஞ்சம் பிரிச்சு விடுறீங்களா டீச்சர்?"

சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூன்றாவதைப் பிரிப்பதற்குள், முதல் விரல் மறுபடியும் மடங்கிக்கொண்டது.